நாற்காலியும் வரிசையும்: அரசுப் பணியில் அதிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருவாய்த் துறையில் 33 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தருமபுரி, பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே சுற்றியவன். இப்போது புதிதாக வேலைக்கு வரும் வி.ஏ.ஓ.க்கள், ஊராட்சிச் செயலர்கள், இளநிலை உதவியாளர்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். 'அனைவரையும் அரவணைக்கும் தலைமை' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். 'அரவணைக்கும்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத சொல். அணைப்பவர் மேலே, அணைக்கப்படுபவர் கீழே என்று ஆகிவிடுகிறது. இருக்கட்டும். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அதிகாரம் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும்தானே? நான் வெறும் கிளார்க். எனக்கு ஏது?

எல்லா வகுப்பிலும் முதலில் வரும் கேள்வி இது. கிராம உதவியாளர் வி.ஏ.ஓ.வைக் காட்டுவார். வி.ஏ.ஓ. ஆர்.ஐ.யை (வருவாய் ஆய்வாளரை) காட்டுவார். ஆர்.ஐ. தாசில்தாரைக் காட்டுவார். தாசில்தார் "மேலிருந்து பிரஷர்" என்பார். இப்படியே போனால் தமிழ்நாட்டில் யாரிடமும் அதிகாரம் இல்லை என்றுதான் முடிவுக்கு வர வேண்டும்.

உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய அதிகாரம் இரண்டே சொல்: "நாளைக்கு வாங்க." நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். நீங்கள் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்பவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். அதற்கு மேல் பஸ் செலவு, மதியச் சாப்பாடு, வீட்டில் விட்டு வந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கெஞ்சியது எல்லாம் உண்டு. ஃபைன் போடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்றா சொல்கிறீர்கள்? தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள், ரசீது கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

'பிரிவிலேஜ்' என்கிறார்களே, அது சலுகைதானே?

இங்கேதான் தமிழ் நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. அலுவலகத்தில் 'சலுகை' என்றால் இட ஒதுக்கீடு, முதியோர் உதவித்தொகை, கட்டணமில்லாப் பஸ் ஆகியவற்றைத்தான் சொல்வோம். அதாவது, இல்லாதவருக்குக் கொடுப்பது. இந்தப் பாடத்தில் பேசுவது இருப்பவரிடம் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி. அதற்குப் பெயரே கிடையாது, ஏனென்றால் இருப்பவர் கண்ணில் அது படாது. நான் வகுப்பில் 'கேட்காமலே கிடைத்தது' என்று சொல்வேன்.

ஒரு உதாரணம். தருமபுரி டவுனில் வாடகைக்கு வீடு தேடியபோது என்னையும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். அன்று சாயந்திரமே சாவி கைக்கு வந்தது. அதே ஆண்டு மாற்றலாகி வந்த இன்னொருவர் பதவியில் எனக்கு ஒரு படி மேலே. அவருக்கும் அதே கேள்வி. அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு "ஊர்லருந்து தம்பி வர்றான், வீடு அவனுக்கு" என்றார்கள். 4 மாதம் லாட்ஜில் தங்கினார். ஆபீஸில் அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன். தெருவில் எனக்குத் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. அந்தச் சாவியை நான் அதுவரை 'கிடைத்த ஒன்று' என்று நினைத்ததே இல்லை.

நான் கஷ்டப்பட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வந்தவன். எனக்கு எல்லாம் கிடைத்தது என்கிறீர்களா?

இல்லை. கஷ்டம் உங்களுடையது, மதிப்பெண்ணும் உங்களுடையது. அதை யாரும் பிடுங்க வரவில்லை. ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் கிடைக்காமலும் இன்னொரு பக்கம் கேட்காமலே கிடைத்தும் இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏழை வீட்டுப் பையன், ஆனால் பையன். அக்கா எட்டாவதோடு நின்றதால் அவனுக்குக் கல்லூரி. இந்த இரண்டு மாவட்டங்களிலும் இது எத்தனை வீட்டுக் கதை என்று உங்களுக்கே தெரியும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் ஊர்கள் இவை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே ஆணாகப் பிறந்து உயிரோடு இருந்ததே கேட்காமல் கிடைத்ததுதான்.

இதற்காகக் குற்ற உணர்வில் குமைய வேண்டாம். குமைகிற அதிகாரியால் மனுதாரருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன். அது போதாதா?

நானும் நெடுநாள் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை 10 மணிக்கு டோக்கன், முதலில் வந்தவருக்கு முதலில், சிபாரிசு செல்லாது. நியாயம்தானே? ஒரு நாள் மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் பதினொன்றரைக்கு வந்தார். டோக்கன் முடிந்துவிட்டது என்றேன். "முதல் பஸ்ஸே இப்பத்தான் சார் வந்துச்சு" என்றார். அந்தப் பஸ்ஸைப் பிடிக்க அவர் இருட்டில் மலையிறங்கி வந்திருக்கிறார். டவுன்காரர் ஒன்பதே முக்காலுக்கு வண்டியில் வந்து, டோக்கன் வாங்கி, டீ குடிக்கப் போயிருந்தார்.

அதற்கப்புறம் டோக்கனில் மூன்றில் ஒரு பங்கை 12 மணிக்கு மேல் கொடுக்க ஒதுக்கினோம். அரசாணை தேவைப்படவில்லை, ஒரு ரூபாய் செலவில்லை. டவுன்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள்.

தேர்தல் வந்தால் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஓட்டு வேண்டும் என்றால் அரசாங்கம் மலையேறுகிறது. மற்ற நாளில் மலைதான் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

கவுன்டரில் எதை முதலில் கவனிக்கச் சொல்வீர்கள்?

உங்கள் வாயை. தமிழில் ஒரு வசதி, ஒரு ஆபத்து. யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்பதை முதல் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் முழுக்க, யாருக்கு 'வாங்க', யாருக்கு 'வா', யாருக்கு 'என்னம்மா', யாருக்கு வெறும் 'என்ன' என்று உங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியிருக்கிறேன். பேன்ட் போட்டவருக்கு வயது இருபத்தைந்து, 'சொல்லுங்க'. லுங்கி கட்டியவருக்கு அறுபது, 'சொல்லு'. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவருக்கு அதுவும் இல்லை, புருவத்தைத் தூக்குவதோடு சரி. நான் கெட்டவன் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்தது நாற்காலி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் யார் உட்கார்ந்து பேசுகிறார், யார் நின்று பேசுகிறார் என்று பாருங்கள். இந்த ஏற்பாட்டுக்கு வயது இருநூறுக்கு மேல். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாரமகாலுக்கு (இந்தப் பகுதியின் அன்றைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய கலெக்டர் அலெக்சாண்டர் ரீட் ஒரு ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக வந்து தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் அப்படியே. அந்த நாற்காலி வரி வசூலிக்க, பட்டாளத்துக்காரர் உட்காரப் போட்டது. எதிரில் இன்னொன்று போட அவர்களுக்குத் தோன்றியிருக்காது. நமக்குத் தோன்றலாம். பிளாஸ்டிக் நாற்காலிதானே.

அலுவலகத்தில் சாதி பேசினால் பிரச்சினை. பேசாமல் இருப்பதுதானே நல்லது?

பேசாவிட்டாலும் அது உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியிலும் பக்கத்து இரண்டு குடியிருப்புகளிலும் பட்டியல் சாதி மக்களின் வீடுகள் எரிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2024இல் இதே மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போன பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்து வழக்கானது. 'அந்தக் காலம்' என்று தள்ளிவிட முடியாது.

நம் கோப்புகளிலேயே இருந்ததைப் பாருங்கள். 'ஊர்' ஒரு பக்கம், 'காலனி' ஒரு பக்கம். முகவரியைப் படித்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை எடுப்பது சுலபம். தெரு விளக்கு எரியவில்லை என்று இரண்டு பக்கத்திலிருந்தும் மனு வந்தால் எதற்கு முதலில் ஆள் போகிறது? உங்கள் ரிஜிஸ்டரில் மனு வந்த தேதியையும் முடித்த தேதியையும் தெருவாரியாக அடுக்கிப் பாருங்கள். யாரையும் திட்ட வேண்டிய வேலையே இல்லை, ரிஜிஸ்டரே பேசும்.

வாச்சாத்தியை ஏன் இன்னும் இழுக்கிறீர்கள்? முடிந்துபோன விஷயம்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்பார். இதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

1992 ஜூன் 20. அரூர் பக்கம் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்கள் கிராமத்துக்குச் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் போனார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆட்களை அடித்தார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. சரியாக 12 ஆண்டுகள் கழித்து 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அன்றைய மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

அந்த 6 என்ற எண்ணைத்தான் நான் வருவாய்த்துறைக்காரர்களுக்குக் காட்டுவேன். என் துறை. லத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. கூடப் போனார்கள். அந்த 269 பேரும் பிறவி அரக்கர்களா? சம்பளம் வாங்கி, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டி, சனிக்கிழமை பெருமாள் கோவிலுக்குப் போன ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். எதிரில் இருப்பவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்மைக் கேட்க ஆளில்லை என்ற நிச்சயம் இருந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. மேலதிகாரிகள் பேரில் உயர் நீதிமன்றம் சொன்னதைப் புதிதாக வருபவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். தன் கையால் எதுவும் செய்யாதவர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதிப்படி ஆவணம் கேட்பது எப்படித் தவறாகும்?

ஆவணம் கேட்பது தவறில்லை. அந்தக் காகிதம் யார் வீட்டில் இருக்கும் என்று தெரியாமல் கேட்பதுதான் தவறு. என் சொந்தக் கதையையே சொல்கிறேன். ஆர்.ஐ.யாக இருந்தபோது ஒரு இருளர் குடும்பம் மகளின் சாதிச் சான்றிதழுக்காக வந்தது. பழங்குடியினர் சான்றிதழை ஆர்.டி.ஓ.தான் (வருவாய்க் கோட்டாட்சியர்) கொடுக்க வேண்டும், நாங்கள் விசாரித்து அனுப்ப வேண்டும். "அப்பா சான்றிதழ் எங்கே?" என்றேன். இல்லை. "தாத்தாவின் நிலப் பத்திரம்?" நிலமே இல்லை. "பள்ளி மாற்றுச் சான்றிதழ்?" அப்பா பள்ளிக்கே போகவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தடவை பெண்ணின் அப்பா ஊருக்குப் போய் வந்தார். ஆறு முறை. ஏழாவது முறை வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த ஆண்டு விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் எந்த விதியையும் மீறவில்லை. நேரில் போய், பக்கத்து வீடுகளில் விசாரித்து, உறவினர் யாரிடமாவது சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். அந்த அரை நாள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அவருடைய ஆறு நாள் தெரியவில்லை.

காகிதத்தில் இருக்கும் கோடு எவ்வளவு பெரியது என்பதற்கு இன்னொன்று. இங்கே மலையில் இருக்கும் மலையாளி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) தருமபுரியில் பழங்குடியினர். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் பட்டியலில் இல்லை, மாவட்டத்தின் பெயர் அதில் இல்லாததால். அதே குலம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சொந்தம். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்தால் ஒன்று, அந்தப் பக்கம் பிறந்தால் வேறொன்று.

ஊராட்சித் தலைவர் பெண். ஆனால் கூட்டத்துக்கு அவர் வீட்டுக்காரர்தான் வருகிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?

முதலில் உங்கள் ஃபோனில் 'தலைவர்' என்று யார் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு ஒன்றிய அலுவலகத்தில் தொடர்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பெண் தலைவர்கள் பெயருக்கு நேரே இருந்தவற்றில் முக்கால்வாசி கணவர் நம்பர், இரண்டு இடத்தில் மகன் நம்பர். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டமானது. நாமே ஃபோன் போட்டு அதைக் கணவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்தம்மா வாயே திறக்க மாட்டேங்குது" என்று குறையும் சொல்கிறோம்.

கணவரை வெளியே போகச் சொல்ல வேண்டியதில்லை, தகராறுதான் வரும். கேள்வியைத் தலைவரிடம் கேளுங்கள். பதிலைக் கணவர் சொன்னாலும், அடுத்த கேள்வியையும் தலைவரிடமே கேளுங்கள். மூன்றாவது கேள்வியில் அந்தம்மா பேசுவார். கூட்டத்தைச் சாயந்திரம் ஆறு மணிக்கு வைக்காதீர்கள், அது அடுப்பு மூட்டும் நேரம்.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மனுதாரருக்குத் தமிழே சரியாக வருவதில்லையே?

அவர் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர், இந்த மண்ணிலேயே பல தலைமுறையாக இருப்பவர். அவருக்கு ஒரு மொழி வரவில்லை, உங்களுக்கு இரண்டு மொழி வரவில்லை. ஆபீஸில் யாராவது பேசத் தெரிந்தவர் கட்டாயம் இருப்பார், பெரும்பாலும் அலுவலக உதவியாளர். அவரை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருப்போம். கவுன்டருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் இதே ஏற்பாடுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் போட்டாயிற்று. வேறு என்ன?

கவுன்டர் ஜன்னலின் உயரத்தை அளந்து பாருங்கள். நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, நல்லது. ஆனால் அதற்கு முன் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்த முதுகுகள் இருக்கின்றன. எலும்பு இறுகி, நிமிர முடியாமல் வரும் பாட்டிக்கு ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிறது. உள்ளே இருப்பவர் கண்ணுக்கு ஒரு கையும் ஒரு மனுவும் மட்டும் தெரியும். நம் ஊர்த் தண்ணீர் செய்த வேலை, நம் ஊர் ஜன்னலுக்குத் தெரியவில்லை.

திருநங்கையர் எந்த வரிசையில் நிற்க வேண்டும்?

அவர் நிற்கும் வரிசையில். அடுத்த கேள்வி.

மேலதிகாரியே இப்படி நடந்தால்?

நேர்மையாகச் சொன்னால், கஷ்டம்தான். மாற்றல் பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் சட்டத்தில் கொஞ்சம் பிடிமானம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பிரிவு 4: அந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு, படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. வாய்மொழி உத்தரவு வந்தால் "குறிப்பாக எழுதிக் கொடுங்க சார், கோப்பில் வைக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பாதி உத்தரவுகள் அந்த இடத்திலேயே ஆவியாகிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் எங்கேயாவது வரிசையில் நின்றீர்களா?

ஒரு அலுவலக உதவியாளர் கேட்டது. இத்தனை வருஷத்தில் என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்த கேள்வி இதுதான்.

நின்றேன். அம்மா இறந்த பிறகு வாரிசுச் சான்றுக்காக ஒரு தாலுகா அலுவலகம் போனேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். உள்ளேயிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "சார், நீங்களா? எங்க கிளாஸ் எடுத்தீங்களே! ஏன் சார் இங்க நிக்கிறீங்க?" என்று ஓடி வந்தான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் நாற்காலி போட்டான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெயில், முழங்கால் வலி. உட்கார்ந்துவிட்டேன். டீ வந்தது. எனக்கு முன்னால் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.